இடப்பக்க இருக்கை

கோயம்புத்தூரிலிருந்து மீன் வண்டி திரும்பி வருகையில்
காலிப் பெட்டிகளுக்கு நடுவே வந்து இறங்கியது,
உரச்சாக்கு சுற்றி, நைலான் கயிறு போட்டு.
எழுபத்திரண்டாம் வருசத்து ராலி காரின்
இடப்பக்க இருக்கை.
வழி சொல்கிறவர் உட்கார்ந்தது.
ஓட்டினவருடையது எங்கே போனதென்று
கெங்குசாமிக்கும் தெரியவில்லை.
"ரெண்டும் வேணுங்க," என்றார் போனில்.
"புதுசு மாதிரி இருக்கக் கூடாது.
பழசு மாதிரியும் இருக்கக் கூடாது.
அன்னிக்கு மாதிரி இருக்கணும்."

நான் வேதாளையில் ஃபைபர் படகு போடுகிறவன்.
முப்பத்திரண்டு அடி வரைக்கும் அச்சு என்னிடம் உண்டு.
படகில் நிற்கலாம், குந்தலாம்,
வலைமேல் சுருண்டு படுக்கலாம்.
முதுகுக்கென்று ஒரு பள்ளம்
இதுவரை யாரும் கேட்டதில்லை.

உச்சிப்புளியிலிருந்து சீனி ராவியத் வந்து
தையலைப் பிரித்தாள். வேன் சீட்டும் தார்ப்பாயும் தைக்கிறவள்.
உள்ளே தேங்காய் நார், ரப்பர் பால் தெளித்தது.
நாருக்கு அடியிலிருந்து ஒரு கை செம்மண் கொட்டியது.
எங்கள் பக்கம் இப்படி மண் கிடையாது.
உறை மேலே பழம்புளி நிறம்.
விளிம்புத் தையலுக்குள், வெயில் படாத அரை அங்குலத்தில்,
கோவைப்பழம்.
"இதுல எது அண்ணே அன்னிக்கு?" என்று கேட்டாள்.
நான் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அச்சுக்கு ஓரவஞ்சனை தெரியாது.
சிகரெட் சுட்ட குழி, பின்பக்க விரிசல்,
யாரோ ஆணியால் கீறிய பெருக்கல் குறி,
எல்லாம் வந்தது.
கச்சான் அடித்த நாளில் அவசரப்பட்டு
ஹார்ட்னரைக் கூட ஊற்றிவிட்டேன்.
முதல் ஓடு தோள்பட்டையில் அப்பளம் மாதிரிப் பொங்கிற்று.
தூக்கி வேலியோரம் போட்டேன்.
ரெண்டாவது சுத்தம்.

வலது இருக்கைக்கு அச்சு இல்லை.
பழைய காலண்டர் அட்டைகளில்
இருபத்துமூன்று வெட்டு எடுத்தேன்.
அட்டையைத் திருப்பிப் பிடித்தால் இடது வலதாகிவிடும்.
வழி சொல்கிறவரின் வலப்பக்கத் தடுப்பு தாழ்வு,
மடியில் பேப்பர் வைத்து எழுத.
அதுவே திரும்பி, ஓட்டுகிறவரின் இடக்கைக்குக்
கியர் போடத் தோதாக வந்தது.
எல்லாம் பொருந்தியது, ஒன்றைத் தவிர.

முன் விளிம்பில்
வலது தொடைக்குக் கீழே மட்டும்
ஒரு விரல் கடை தாழ்ந்திருந்தது.
உட்கார்ந்து பார்த்தேன். எழுந்தேன்.
மறுபடி உட்கார்ந்து,
எதிரே லாரி வருவதாக நினைத்துக்கொண்டேன்.
கால் தானாக நீண்டது.
அந்தப் பக்கம் பிரேக்கே கிடையாது.
மலை மலையாக, வளைவு வளைவாக
இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து
மனுசன் ஓட்டையே அமுக்கியிருக்கிறார்.

ஓட்டினவர் இருக்கையில் அதைப் புட்டி வைத்து நிரப்பினேன்.
ஒருத்தர் பயத்தைத் திருப்பிப் போட்டு
இன்னொருத்தர் காலடியில் வைப்பானேன்?
ஆனால் இடப்பக்கத்துக்கு?
படம் அனுப்பிக் கேட்டேன்.

ரெண்டு நாள் கழித்துக் கெங்குசாமி பேசினார்.
"அவரு பொள்ளாச்சியில இருக்காருங்க. கேட்டேன்.
நான் எதுக்குடா மிதிக்கிறேன்னு சத்தம் போடறாரு.
நிரப்பிடுங்க."
நிரப்பினேன்.
ராவியத் கோவைப்பழ நிறத்தில் தைத்தாள்.
செம்மண்ணை ஒரு பொட்டலத்தில் கட்டி
பில்லோடு வைத்து அனுப்பினாள்,
"அதுவும் அவுங்க சாமான்தானே" என்று.

வேலியோரம் கிடந்த பொங்கின ஓட்டைச்
சந்தியாகு கேட்டு வாங்கிப்போனான்.
அவன் படகில் சுக்கானுக்குப் பக்கத்தில்
நாலு போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறான்.
நேற்று கரையில் பார்த்தேன்.
முதுகு வலி விட்டுப்போச்சு என்றான்.
ஐஸ் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு,
"ஆனா அலை ஏறையில
இந்த வலது காலு ஏன் நீளுதுன்னுதான் தெரியல"
என்றான்.